அச்சாணிக்கு விடுப்பு

அந்த வங்கியின் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவளுக்கு அலுவலகத்தில் பம்பரம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் அக்கா. நாற்காலியில் அவள் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் யாராவது ஒருவரின் திரைக்குப் பின்னால் நின்றபடி கையிலிருக்கும் காப்பியை ஆறவிட்டுக்கொண்டிருப்பாள். அந்த மாதம் அவள் சுழற்சி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

இயக்குநர் குழு ஒரு கேள்வியை அவள் தலையில் கட்டியிருந்தது. வங்கியின் கணினி அமைப்பை இனிமேலும் நாமே எழுதி நாமே பராமரிப்பதா, இல்லை வெளி நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடுவதா? அடுத்த மாதத் தொடக்கத்தில் நடக்கும் கூட்டத்தில் அவள் தன் பரிந்துரையைச் சொல்ல வேண்டும்.

அவள் என்ன சொல்வாள் என்பது தெரிந்த விஷயம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த அமைப்பு அவள் கண்ணெதிரே வளர்ந்தது. வங்கிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய கிளைகள் இருந்த காலத்தில், பழைய மென்பொருளை விற்ற நிறுவனம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட, வேறு வழியில்லாமல் அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தது. அதைப் போய் அவள் வெளியே கொடுக்கச் சொல்வாளா என்ன? அவளுக்கு மட்டும்தான் தன் பதில் என்னவென்று தெரியவில்லை. காலையில் பல் துலக்கும்போது ஒரு பதில் வந்தது. அலுவலக வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் அது மாறிவிட்டது.

வெளி நிறுவனத்தின் பிரதிநிதி வந்து பேசிவிட்டுப் போனது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர் என்பதால் பிரிவில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று உடனே பெயர் விழுந்துவிட்டது. ஆசாமி வாய்ச்சவடால் பேர்வழியாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவர் அப்படி இல்லை. வங்கி கடன் கொடுக்கும் தொழில் செய்கிறதா, மென்பொருள் எழுதும் தொழில் செய்கிறதா என்று நிதானமாகக் கேட்டார். புதிய விதி வரும்போதெல்லாம் உங்கள் சின்னக் குழு முட்டி மோதுகிறது, நாங்கள் ஒரே தடவை எழுதிப் பல வங்கிகளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார். திருடர்கள் புதுப்புதுப் பூட்டுடைக்கும் வித்தைகளோடு வருகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களிடம் தனிப் படையே இருக்கிறது என்றார். எதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

"சரி, எங்க அமைப்பு ஒருநாள் காலையில நின்னுடுதுன்னு வச்சுக்குங்க. நான் யாரக் கூப்பிடணும்?" என்று கேட்டாள்.

"எங்க உதவி மையத்துல பதிவு பண்ணணும். நாலு மணி நேரத்துக்குள்ள பதில்."

"நாலு மணி நேரத்துக்குள்ள சரியாயிடுமா?"

கோட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு மணி நேரத்துக்குள்ள பதில் வரும்" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவள் அமைப்பு நின்றால் அவள் யாரைக் கூப்பிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே ஒருவரைத்தான். அவருக்குப் பெயரே அச்சாணி.

அச்சாணி ஒல்லியான மனிதர். பேச்சு சிக்கனம். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வார். இரண்டாவது சொல் கேட்டால் முகத்தில் ஒரு வலி தெரியும். கணக்குகளில் பணம் ஏறுவதும் இறங்குவதும் வட்டி கூடுவதும் நடக்கும் மையப் பகுதி முழுவதும் அவர் எழுதியது. அதில் எங்கே கைவைத்தாலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வந்து நிற்க வேண்டும். அவரும் ஒருநாள் கூட முகம் சுளித்ததில்லை. விடுப்பு எடுத்ததும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

கோட்டுக்காரர் வந்துபோன வாரத்தில், மதிய உணவு வேளையில், அச்சாணியின் மனைவி பம்பரத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் மருந்தாளர். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தாள். கடையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள். கணவருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்று உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.  யாருக்கு என்ன நோய், யார் வேலையை விடப்போகிறார் என்று பம்பரத்தின் மனம் கிடுகிடுவென்று ஓடியது.

"அந்த வெளிக் கம்பெனிக்கே குடுத்துடுங்க" என்றாள் வந்தவள்.

பம்பரம் இதை எதிர்பார்க்கவில்லை. அப்படிக் கொடுத்தால் உங்கள் கணவருக்கே வேலை இல்லாமல் போகலாமே என்றாள்.

"போகட்டும். என் கடை இருக்கு, சோத்துக்குப் பஞ்சம் வராது. போன வருஷம் கடற்கரைக்குப் போனோம். இருந்த நாள் பூரா ஹோட்டல் பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தார். அங்கதான் சிக்னல் வந்துச்சாம். குளிக்கணும்னா நானும் பொண்ணும் அவர்கிட்ட நேரம் வாங்கணும்." அவள் சொன்ன விதத்தில் பம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த வரியில் அடங்கிவிட்டது. "அவர் ரத்த அழுத்தத்துக்கு என் கடையிலதான் மாத்திரை. நான்தான் எடுத்துக் குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அளவக் கூட்டி எழுதறார். நான் அதப் படிச்சுப் பாத்துட்டு, யாரோ ஒருத்தரோட சீட்டு மாதிரி மாத்திரைய எண்ணிப் போடறேன்."

அவர் வெளியே கொடுக்க வேண்டாம் என்கிறாரே என்று பம்பரம் மெதுவாகச் சொன்னாள்.

"அவர் அப்படித்தான் சொல்லுவார். அதான் அவர்கிட்ட கேக்காம உங்ககிட்ட கேக்கறேன்."

அவள் போன பிறகு பம்பரம் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். மேலே எந்த வேலையும் இல்லை, கீழேயும் இல்லை. பெரிய தவறு ஒன்றை இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. நம் ஆள், நம் அமைப்பு, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கூப்பிட்ட குரல் தன்னுடையது என்பதும், வந்து நின்ற இடம் ஒரு குளியலறை என்பதும் இப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. துடைத்த அடுப்பு மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் நில அளவையாளர். நாள் முழுவதும் வெட்டவெளியில் நின்றுவிட்டு வந்து, எதையும் அவசரப்படாமல் செய்கிறவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டே ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"நிலம் யார் பேர்ல இருக்குங்கறது ஒண்ணு. யார் கைவசம் இருக்குங்கறது வேற. பாதி வழக்கு அதுலதான் வருது. உங்க அமைப்பு பேங்க் பேர்ல இருக்கு. யார் கைவசம் இருக்கு?"

அவள் துணியை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அச்சாணியை அழைத்து, இரண்டு வாரம் விடுப்பில் போகச் சொன்னாள். அவர் அதை ஏதோ கணக்குப் பிழை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சம்பள நாள் வருது" என்றார். எல்லாக் கம்பெனிகளின் சம்பளமும் மாத இறுதியில் ஒரே காலையில் வந்து கொட்டும்; மாதம் முழுக்க அவர்கள் பயப்படுவது அந்த ஒரு காலைக்குத்தான். தெரியும் என்றாள் அவள். மடிக்கணினியை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், கைப்பேசியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும், இது உத்தரவு என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். தன்னைத் துரத்துகிறார்களோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் அவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்து வைத்துவிட்டுத்தான் போவார். அப்படிச் செய்தால் அவள் தெரிந்துகொள்ள நினைத்தது தெரியாமலே போய்விடும்.

தெரிந்துகொள்ள நினைத்தது இதுதான்: அவர் இல்லாமல் இந்தக் குழுவால் நிற்க முடியுமா? முடியாது என்றால், நாமே கட்டினோம் என்று மார்தட்டுவதில் பொருளில்லை. கோட்டுக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் அச்சாணியின் மனைவி தன் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பம்பரத்துக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "இந்த நம்பர் உங்ககிட்ட இருக்கட்டும். நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு நம்பித்தான் தர்றேன்."

முதல் வாரம் குறிப்பாக எதுவும் நடக்கவில்லை. அச்சாணியின் இடத்தைக் கேள்வி என்ற பெண் பார்த்துக்கொண்டாள். வேறு வங்கி ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள், இரட்டைக் குழந்தைகளின் தாய். எதையும் நம்பாமல் ஏன், எதற்கு என்று துளைத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். அச்சாணியிடம் அவள் கேட்ட நூறு கேள்விக்கு நூறு ஒற்றைச் சொல் பதில்கள் கிடைத்திருந்தன. இப்போது பதில் சொல்ல ஆளில்லாததால் நிரல்களைத் தானே படிக்க ஆரம்பித்திருந்தாள். பம்பரம் மணிக்கொரு தரம் போய் அவள் பின்னால் நிற்பாள். "அக்கா, நீங்க நின்னா எனக்கு முதுகு அரிக்குது" என்று கேள்வி ஒருமுறை திரும்பாமலே சொன்னாள்.

சம்பள நாள் வந்தது. கிளைகள் கதவைத் திறந்த சிறிது நேரத்தில் முதல் தொலைபேசி அடித்தது. பிறகு தொலைபேசிகள் அடிப்பதை நிறுத்தவே இல்லை.

மற்ற வங்கிகளிலிருந்து வரும் பணம் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அமைப்பு அதை ஒவ்வொன்றாக எடுத்து உரியவர் கணக்கில் ஏற்றும். அன்று அந்த வரிசை அசையாமல் நின்றுவிட்டது. பணம் வந்துவிட்டது, ஆனால் யார் கணக்கிலும் ஏறவில்லை. கம்பெனிகள் அனுப்பிவிட்டோம் என்றன. கணக்கில் பார்த்தால் ஒன்றும் இல்லை. வரிசையோ பின்னால் நீண்டுகொண்டே போனது.

எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மறுதொடக்கம் செய்து பார்த்தார்கள். கொஞ்சம் நகர்வதுபோல் காட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி நின்றது. வங்கித் தலைவர் நேரில் இறங்கி வந்தார். சத்தம் போடாத மனிதர், அன்றும் போடவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றாள் பம்பரம். அவர் தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். அது சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

இதற்கு நடுவில் அவள் மாமியார் வேறு அழைத்தார். கடையில் சாமான்களை எல்லாம் கூடையில் போட்டு, கல்லாவில் அட்டையை நீட்டியிருக்கிறார். கணக்கில் பணமில்லை என்று வந்திருக்கிறது. அவர் ஓய்வூதியமும் அதே வரிசையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. "பின்னாடி நின்னவங்கெல்லாம் என்னைப் பாவமா பாத்தாங்க. என் மருமகதான் அந்த பேங்க்ல பெரிய ஆளுன்னு நான் வேற சொல்லித் தொலைச்சிருக்கேன்" என்றார். அத்தை, அப்புறம் பேசறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

"அச்சாணி சாரக் கூப்பிட்டுடலாம்க்கா" என்றான் ஒருவன். எல்லோர் கண்களும் அவள் பக்கம் திரும்பின. அத்தனை பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கீழே போனாள். தலைமை அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஒரு கிளை இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு நின்றிருந்தார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, என்ன பிரச்சினை என்று மரியாதையாகவே கேட்டார். கணினியில் ஒரு கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

"உங்க கம்ப்யூட்டர் நின்னுடுச்சு, சரிங்க. நான் எங்கயும் நிக்கலையே. நேத்து வரைக்கும் ஓட்டினேனே" என்றார் அவர். கோபமில்லை. விளக்கம் கேட்கும் குரல்.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் போய்க் கைப்பேசியை எடுத்தாள். அந்த எண்ணைத் திரையில் கொண்டுவந்தாள். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. கூப்பிட்டால் எடுப்பார்கள். அவரும் பேசுவார், இங்கே இதைச் செய் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். ஓட்டுநருக்குச் சம்பளம் வந்துவிடும். அத்தை வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த மாதம்? அதற்கடுத்த மாதம்? ஒரு பக்கம் முகம் தெரிந்த ஓட்டுநர், இன்னொரு பக்கம் மாத்திரையை எண்ணிப் போடும் ஒரு பெண். இதில் யாரை வைத்து யாரைச் சோதிக்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?  மதியம்வரை பார்ப்போம், அதற்கு மேல் தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். அது சரியா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை.

மேலே கேள்வி ஒவ்வொருவரையாகக் குடைந்துகொண்டிருந்தாள். இந்த வரிசை இதற்கு முன்னால் நின்றிருக்கிறதா? நின்றதே இல்லை என்றார்கள். யாராவது ஒருவர்கூடப் பார்த்ததில்லையா? அதிகாலைப் பணிக்கு வரும் ஊழியர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"சில நாள் நான் வர்றப்போ திரையில அந்த வரிசையோட விளக்கு சிவப்பா இருக்கும். கொஞ்ச நேரத்துல பச்சையாயிடும். தானா சரியாயிடுதுன்னு நெனச்சேன்."

"தானா எதுவும் சரியாகாதே" என்றாள் கேள்வி. சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் தேய்ந்தது.

அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அச்சாணிதான். வருடக்கணக்காக, வீட்டிலிருந்தபடி, விடியும் முன்னால், நின்ற வரிசையைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. ஹோட்டல் குளியலறையில் உட்கார்ந்து அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பம்பரத்துக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கேள்வி தேடியது வேறு மாதிரி இருந்தது. என்ன உடைந்திருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. எதை ஒருவர் அவ்வப்போது கையால் தள்ளிவிடுவார் என்று பார்த்தாள். மதியம் ஆகும் நேரத்தில் அகப்பட்டது. மூடப்பட்டுவிட்ட ஒரு கணக்குக்கு யாரோ பணம் அனுப்பியிருந்தார்கள். அமைப்பு அதை ஏற்ற முயலும், முடியாது. திருப்பி வரிசையின் தலைக்கே அனுப்பும். மறுபடி எடுக்கும், மறுபடி முடியாது. செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஊரே காத்திருந்தது.

கண்டுபிடித்த பிறகும் கைவைக்கப் பயமாக இருந்தது. தவறாக எடுத்தால் ஒரே சம்பளம் இரண்டு தடவை ஏறும், அல்லது ஏறாமலே காணாமல் போகும். முதலில் அமைப்பின் நகல் ஒன்றில் செய்துபார்த்தார்கள். இரண்டாவது முறையும் செய்துபார்த்தார்கள். பம்பரம் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னல் கண்ணாடியை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். யாரோ போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். மாலை வெயில் மேசைகளில் விழ ஆரம்பித்த நேரத்தில் கேள்வி அந்த ஒன்றை வரிசையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். வரிசை நகர்ந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி மட்டும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே இயக்குநர் குழு கூடியது. அச்சாணி அவள் உத்தரவின்பேரில்தான் விடுப்பில் போனார் என்பது அதற்குள் தலைவர் காதுக்கு எட்டியிருந்தது. கோட்டுக்காரரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அவர் ஒரு ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பேச வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. சம்பள நாள் அவருக்காகப் பேசிவிட்டது.

அச்சாணியைத் தொடர்புகொள்ள வழியே இல்லாமல் போய்விட்டதா என்று தலைவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"வழி இருந்தது. நம்பர் என் கையில இருந்தது. நான்தான் கூப்பிடல" என்றாள் பம்பரம்.

குழுவில் ஒரு முன்னாள் நீதிபதி இருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். பேசும்போது நடக்காமல் இருக்க மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டிருந்தால் அவர் சரிசெய்திருப்பார். நமக்கு எதுவுமே தெரியாமல் போயிருக்கும். இந்தக் கோளாறு நேற்றுப் பிறந்ததில்லை. பல வருடமாக இருந்தது. ஒரு மனிதரின் தூக்கத்தை வைத்து அதை மூடி வைத்திருந்தோம். இதையெல்லாம் சொன்னாள்.

"வெளியில குடுத்தா யாரோ ஒருத்தர நம்பி இருக்கணும்னு நான் இத்தன நாள் பயந்தேன். உள்ளயே வச்சுக்கிட்டும் ஒருத்தரத்தான் நம்பி இருந்திருக்கோம். வித்தியாசம் என்னன்னா, இவரோட வீட்டு விலாசம் நமக்குத் தெரியும். அதனால எந்த நேரமும் கதவத் தட்டலாம்னு நெனச்சுட்டோம்."

தன் பரிந்துரையைப் பிறகு சொன்னாள். அட்டை, கைப்பேசிச் செயலி, திருடர்களைக் கண்காணிப்பது எல்லாவற்றையும் கோட்டுக்காரரின் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். கணக்குகள் இருக்கும் மையப் பகுதியை மட்டும் கொடுக்க வேண்டாம். அதை நாம் நன்றாகச் செய்கிறோம் என்பதால் அல்ல. நின்றுபோனால் ஏன் நின்றது என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்பது இப்போது தெரிந்துவிட்டது என்பதால். ஆனால் ஒரு நிபந்தனை: எந்த ஒரு பகுதியும் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. அதற்கு ஆள் வேண்டும், அவகாசம் வேண்டும். அவை கிடைக்காது என்றால் இன்றைக்கே முழுவதையும் வெளியே கொடுத்துவிடுவதுதான் நேர்மை.

அவளை வெளியே அனுப்பிவிட்டு வெகுநேரம் பேசினார்கள். அவள் தாழ்வாரத்தில் நடந்தாள். கோட்டுக்காரரையும் அனுப்பிவிட்டிருந்தார்கள், அவரும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். எங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று போகிற போக்கில் சொன்னார். "எங்க அச்சாணிக்கு நாலு பேங்க்" என்று சிரித்தார். அப்போதுதான் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

பரிந்துரையை ஏற்றுக்கொண்டார்கள், மையப் பகுதியில் அந்த நிபந்தனையை நிறைவேற்ற ஒரு வருடக் கெடு வைத்து. அவளுக்கு ஒரு கண்டனமும் கிடைத்தது. வாடிக்கையாளர்களைத் தெரிந்தே காக்கவைத்தது மன்னிக்கக் கூடியதல்ல என்றார் முன்னாள் நீதிபதி. இனி அவள் துணைத்தலைவர் ஒருவரின் கீழ் வேலை செய்ய வேண்டும். அவள் மறுத்துப் பேசவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அந்தக் குழுவில் இருந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கொடுத்திருப்பார் என்று வீட்டில் கணவரிடம் சொன்னாள்.

அச்சாணி திரும்பி வந்த நாள் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. முகத்தில் நல்ல வெயில் நிறம். யாரிடமும் நலம் விசாரிக்காமல் நேராகப் போய் உட்கார்ந்து, கேள்வி எழுதியிருந்த திருத்தத்தைப் படித்தார். ஏற்ற முடியாத பணத்தை அமைப்பே இப்போது தனியாக ஒதுக்கி வைத்துவிடும். யாரும் கைவைக்கத் தேவையில்லை. படித்து முடித்துவிட்டுப் பம்பரத்தின் அறைக்கு வந்து கதவருகே நின்றார்.

"எழுதினது நல்லால்ல" என்றார். பிறகு, "ஆனா ஓடும்."

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. காரணம் சொல்லாமல் அனுப்பியது தவறுதான் என்று அவள் ஆரம்பித்தபோது, கையைக் காட்டி நிறுத்தினார். இத்தனை வருடமாக இதைச் சரிசெய்யாமல் ஏன் கையால் தள்ளிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.  அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"சரி பண்ணிருக்கலாம். ஒருநாள் வேலதான். முதல்ல நேரம் இல்ல. அப்புறம் அது பழகிடுச்சு. காலையில எழுந்து அதத் தள்ளிவிட்டாத்தான் அன்னைக்கு பேங்க் தொறக்குதுன்னு ஒரு இது. எனக்கு மட்டும்தான தெரியும்." கதவுப் பக்கம் திரும்பினார். "நான் இல்லாமலே தொறந்துடுச்சு, இல்ல?"

மாலை வரைக்கும் திறக்கவில்லை என்றாள் அவள். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. போய்விட்டார்.

அவர் வேலையை விட்டுவிடுவார் என்று பிரிவில் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. தினமும் மதியத்துக்கு மேல் கேள்வியோடு உட்கார்ந்து, தான் எழுதியதை ஒவ்வொன்றாக விளக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இருவருக்கும் அது பிடிக்கவில்லை. அவள் ஏன் என்பாள்; அவர் அப்படித்தான் என்பார். ஒருநாள் அறைக்கு வெளியே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டார்கள். மறுநாளும் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அச்சாணியின் மனைவி கைப்பேசியில் அழைத்தாள். எண்ணைப் பார்த்ததும் பம்பரம் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துடறார். வந்து எல்லாக் கதவோட கீலையும் கழட்டி எண்ணெய் போட்டு மாட்டறார். சத்தமே போடாத கதவுங்க. இன்னைக்கு ரெண்டாவது சுத்து ஆரம்பிச்சிருக்கார்" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. "என்னங்க பண்றது இவர?"

மாத்திரை அளவு என்ன ஆயிற்று என்று பம்பரம் கேட்டாள். அப்படியேதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று பதில் வந்தது. பம்பரம் பேசிக்கொண்டே மேசையைச் சுற்றி நடந்தாள். எனக்கும் தெரியவில்லையம்மா என்று உண்மையைச் சொன்னாள். பின்னணியில் எங்கோ ஒரு கதவைத் தூக்கி மாட்டும் சத்தமும், சிறுமி ஒருத்தி, "அப்பா, இது நேரா இல்ல" என்று சொல்வதும், அதற்கு ஒரே சொல்லில் ஒரு பதிலும் கேட்டன.